மேடை கிடைத்தது, பழக இடம் எங்கே?

பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் பகுதி, ஊரூர் ஆல்காட் குப்பம். பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் ஊர் மக்களோடு சேர்ந்து 2015-ல் இங்கே விழா எடுத்தார்கள். கர்நாடக சங்கீதம், பரதம், பறை எல்லாம் குப்பத்துக்குள்ளேயே! டிக்கெட் கிடையாது. "குப்பத்துக்கு எதுக்குய்யா கச்சேரி?" என்பவர்களைக் கேட்கிறோம்: சபாவில் உட்காருகிறவருக்கு மட்டும்தான் காது இருக்கிறதா?

பிறகு இதுவே சென்னை கலைத் தெரு விழா ஆனது. சரி, விழா சில நாள்தான். பார்த்து ஆசைப்பட்ட பையன் மறுநாள் எங்கே போய்ப் பறை பழகுவான்? வீட்டில் அடித்தால் சண்டை, தெருவில் அடித்தால் புகார். மாநகராட்சிப் பள்ளிகளோ சாயங்காலம் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால் என்ன நஷ்டம்? கரண்டு காசும் வாட்ச்மேன் படியும்தானே! கமிஷனர் சாவியைக் கொடுப்பாரா?