கவிழ்த்த டம்ளரும் கவிழ்த்த படகும்

கோடை விடுமுறைக்கு என் அண்ணன் பிள்ளை வந்திருந்தான். ஒன்பது வயசு. வால் ஒன்றுதான் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அடுப்படியை ஒழித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனால், தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கிறான். தலையில் பிளாஸ்டிக் வாளி, கவிழ்த்தபடி! அவன் முக்கி முக்கி அமுக்குகிறான். அது மேலே மேலே வருகிறது.

"என்னடா பண்றே?"

"கடலுக்கடியிலே நடக்கப் போறேன் அத்தை. நேத்து டி.வி.யிலே பார்த்தேனே!"

விஷயம் புரிந்தது. 2003-இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தில் ஜானி டெப்பும் ஆர்லாண்டோ புளூமும் ஒரு படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் காற்றைச் சுவாசித்தபடி கடல் தரையில் சாவகாசமாக நடந்து போவார்கள்.

திட்டினால் ஏறாது, செய்து காட்டினால்தான் ஏறும் என்று ஒரு டம்ளரை எடுத்தேன். அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, கவிழ்த்தபடி நேராக வாளித் தண்ணீரில் அமுக்கினேன். வெளியே எடுத்தால் காகிதம் நனையவே இல்லை. "பார்த்தியா, காத்து உள்ளேயே நிக்குது. அதுவரைக்கும் சினிமா நிஜம்தான். இப்ப நீ அமுக்கு." அமுக்கினான். "கையை மேலே தள்ளுது அத்தை!"

அதுதான் சூட்சுமம். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடை அதை மேலே தள்ளும். 2,200 வருஷங்களுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் சொல்லிவிட்டார். 15 லிட்டர் வாளி நிறையக் காற்றென்றால் 15 கிலோ தள்ளும். படகுக்குள் 500 லிட்டர் காற்றிருந்தால் 500 கிலோ! தண்ணீருக்குள் நம் உடம்புக்குக் கிட்டத்தட்ட எடையே கிடையாது. இரண்டு பேர் தொங்கினால் அந்தப் படகு அமுங்குமா? ஆளையும் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

பெரிதாகச் சாதித்துவிட்டதாக நான் நினைத்தபோது அவன் கேட்டான்: "அப்ப இடுப்பிலே கல்லைக் கட்டிக்கிட்டா போகலாமில்லே?"

எனக்கு அடிவயிறு கலங்கிப்போயிற்று. பாதி விளக்கம் சொன்னால் பிள்ளை மீதியைத் தானே செய்து பார்த்துக்கொள்ளும்! அவன் கணக்கில் தப்பும் இல்லை. 1691-இல் எட்மண்ட் ஹாலி செய்த முழுக்கு மணிக்கூண்டை ஈயம் வைத்துத்தான் கடலில் இறக்கினார்கள். ஆனால் மேலேயிருந்து பீப்பாய் பீப்பாயாகப் புதுக்காற்றும் அனுப்பினார்கள். இழுக்க ஆட்களும் இருந்தார்கள்.

மறுபடியும் டம்ளரை அமுக்கி, இந்தத் தடவை கொஞ்சம் சாய்த்தேன். குபுக், குபுக்! காற்று முழுக்க வெளியே. காகிதம் சொதசொத.

"வாளி சாய்ஞ்சா காத்து போயிடும்டா. இடுப்பிலே கட்டின கல்லு போகாது. சாயாமலே இருந்தாலும், நீ விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்தா சீக்கிரமே மயக்கம் வந்துடும்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு தானே வாளியைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துவிட்டு வந்தான். அன்றைக்கே தொட்டிக்கு மூடி போட ஆளைக் கூப்பிட்டேன்.

கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தவழும் குழந்தைக்குத் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. வேலை முடிந்ததும் வாளியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். காற்றடைத்த வளையம், பொம்மை எல்லாம் விளையாட்டுக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல. அவற்றை மாட்டிவிட்டாலும் கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகள் சினிமா சாகசம் பார்த்தால் தடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இது நடக்குமாடா?" என்று நீங்களே கேளுங்கள். ஒரு டம்ளரும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். ஆனால் விளக்கத்தைப் பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!