துருப்பிடித்த பொக்கிஷம்



மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள பழைய கோட்டையை நாம் அடிக்கடி கடந்து செல்கிறோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். இன்று மதில்கள் மட்டுமே நிற்கின்றன, ஆண்டவர்கள் இல்லை. அம்மதில்களைக் காணுந்தோறும், அவற்றினும் உறுதியானதென இத்தீவு நம்பியிருந்த ஒரு வங்கியின் கதை நினைவுக்கு வருகிறது.

1851இல் அரச பட்டயம் பெற்ற ஓரியன்டல் வங்கி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன்களை வழங்கியது. அதன் நோட்டுகளை மக்கள் பணமாகவே ஏற்றனர். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. பார்வைக்குத் துருவைப் போன்றிருந்ததால் அது துருநோய் எனப்பட்டது. அந்தச் சிறு பூஞ்சணம் பதினைந்தே ஆண்டுகளில் கோப்பித் தொழிலை அழித்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கூலி நிலுவையாயிற்று.

தோட்டங்கள் பட்டுப்போன பின்னரும் வங்கியின் கதவுகள் திறந்தேயிருந்தன. திரும்பி வராத கடன்களைச் சொத்தென எழுதிவைத்து நடமாடும் வங்கிகளை இக்காலப் பொருளியலாளர் 'ஸோம்பி வங்கி', அதாவது நடைப்பிணம், என்கின்றனர். உயிருள்ளதெனப் பெயர்பெற்றும் செத்திருந்த சர்தை சபையை வேதம் நமக்குக் காட்டவில்லையா? 1884 மே மாதத்தில் அந்த வங்கியின் கதவுகள் மூடப்பட்டன. பூச்சியும் துருவும் கெடுக்கும் பூமியில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாமென்று ஆண்டவர் எச்சரித்தது எத்துணை மெய்யாயிற்று!

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. மக்கள் கையிலிருந்த நோட்டுகள் வெறுந்தாளாகும் வேளையில், ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசே பொறுப்பு என அறிவித்தார். ஒருவர் பிணைநின்றதால் பலர் பிழைத்தனர். நம் இரட்சகரையும் வேதம் பிணையாளி என்றே அழைக்கிறது.

2022இல் நம் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எளியோரின் சேமிப்பு விலைவாசியில் கரைந்தது. நுண்கடன் தவணைக்கு அஞ்சி வாழும் தாய்மார் நம் கிராமங்களில் உள்ளனர். அவர்களுட் சிலர் ஆராதனையில் நமக்கருகே அமர்ந்திருக்கின்றனர். ஆலயத்தைப் புதுப்பிக்க நிதி திரட்டும் நாம், அவர்களுடைய சுமையைக் கேட்டறிந்ததுண்டா?

ஆராயாது பிணைநிற்பதை நீதிமொழிகள் கண்டிப்பது உண்மையே. ஆனால் சபையாகக் கூடி, கணக்கைப் பார்த்து, வட்டியின் பிடியிலிருந்து ஒரு குடும்பத்தையேனும் மீட்பது மதியீனமன்று. அது நம் கடமை. அதைச் செய்யாத சபை, எத்துணை அழகிய கட்டடத்தில் கூடினாலும், கதவு திறந்திருக்கும் நடைப்பிணமே. இந்த ஞாயிறு காணிக்கை எண்ணும் மேசையிலேயே அக்கேள்வியை எழுப்புவோமாக. அயலானின் கண்ணீரைத் துடைத்த காசில் ஒருபோதும் துரு ஏறுவதில்லை.