பூசிக்கொள்ளும் உரிமையும் பூச்சில் கலந்த நஞ்சும்

'பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்று நம் பிள்ளைகளிடம் சொல்பவர்கள் அதைப் பாராட்டாக நினைத்தே சொல்கிறார்கள். கல்லூரியில் உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில், விடுதியின் பெயரைச் சொல்லும்போது, வேலைக்குப் போன இடத்தில் சொந்த ஊரைக் கேட்கும்போது இந்த வாக்கியம் வந்து விழுகிறது. 'அப்படி' என்றால் எப்படி என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. கறுப்பாக, அழுக்காக, களையில்லாமல் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

சிவப்பழகு கிரீம் நம் தெருக்களுக்குள் வந்து விற்பது பெரும்பாலும் இந்த வாக்கியத்தின் பலத்தில்தான். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஃபேன்சி ஸ்டோரிலும், வாரச் சந்தைக் கடையிலும், கைபேசியில் ஓடும் விளம்பரத்திலும் 'ஏழே நாளில் நிறம் மாறும்' என்ற வாக்குறுதி கிடைக்கிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் அரைநாள் சம்பளத்தை மகளின் கையில் கொடுத்து அதை வாங்கச் சொல்கிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான் என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். இப்போது நம் பையன்களும் இதே கிரீமைத் தேடிப் போகிறார்கள்.

'அலங்காரம் எதற்கு, படிப்பைப் பார்' என்று இங்கே அறிவுரை சொல்ல நாம் விரும்பவில்லை. அலங்கரித்துக்கொள்வது நமக்கு எளிதாகக் கிடைத்த உரிமை இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கும் துணி போடக் கூடாது, பூச்சூடக் கூடாது, மஞ்சள் குழைத்துப் பூசக் கூடாது என்பவை அவற்றில் சில. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் கொளுத்தப்பட்டன. மஞ்சள் பூசுவதற்கே அடி வாங்கிய பாட்டிகளின் பேத்திகளிடம் 'பூசாதே' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பூசுவது உடம்புக்குத் தீங்கு செய்யாததாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் அதே உரிமையின் இன்னொரு பகுதி.

ஏழு நாளில் நிறத்தை மாற்றும் கிரீமில் என்ன இருக்கிறது? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காப்பதும் அதுதான். பாதரச உப்பைக் கிரீமில் கலந்து பூசினால் மெலனின் உருவாவது தடைபடுகிறது, தோல் சில நாளில் வெளுக்கிறது. களையெடுப்பிலும் நூறு நாள் வேலையிலும் பகல் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு அது தோலின் குடையைப் பிடுங்குவதற்குச் சமம்.

கேடு தோலோடு நிற்பதில்லை. தோல் வழியே உள்ளே போகும் பாதரசம் முதலில் தாக்குவது சிறுநீரகத்தை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் இதை நேரில் கண்டார்கள். சிறுநீரில் புரதம் கசியும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்களிடம் வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. மலப்புரத்துக் கடைக்கு வரும் சரக்கு வாளையாறு தாண்டி இங்கே வராது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

பாதரசம் தமிழ்நாட்டுக்குப் புதிய கதையும் இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001ல் மூடப்பட்ட பிறகும் அங்கு வேலை பார்த்தவர்கள் இழப்பீட்டுக்காகப் பதினைந்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. மண்ணில் கிடந்தால் நாம் அஞ்சும் பொருள், டப்பாவில் வாசனையோடு வந்தால் முகத்தில் ஏறுகிறது. பூசியவரின் துண்டு, தலையணை வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போகும். கர்ப்பிணி பூசினால் வயிற்றில் உள்ள பிள்ளையையும் எட்டும்.

பாதரசம் கலந்த கிரீமை விற்பது சட்ட விரோதம். அழகுசாதன விதிகள் 2020ன்படி, முகத்துக்கும் உடம்புக்குமான பூச்சில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018ல் ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கிறது; அது நம் தெருமுனைக் கடை வரை வந்து சேரவில்லை.

இரண்டாவது ஆபத்து மருந்துக் கடையிலிருந்தே வருகிறது. படை, அரிப்புக்கு மருத்துவர் சில நாளுக்கு மட்டும் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பை, முகம் வெளுக்கிறது என்பதற்காக மாதக்கணக்கில் பூசுகிறார்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று அந்த டியூபில் எழுதியிருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் சிவப்புக் கோடாகத் தெரியும், பரு கொப்பளிக்கும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடுவதால் மறுபடியும் அதையே பூச வைக்கும். இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ல் உத்தரவிட்டது. சில அழகு நிலையங்கள் பெயரில்லாத டப்பாவில் 'நாங்களே கலக்கியது' என்று தருவதிலும் இது இருக்கக்கூடும். ஏற்கெனவே நெடுநாள் பூசி வருகிறவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தாமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போவது நல்லது.

சின்னப் பொருள்களிலும் கவனம் வேண்டும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும். அரிப்பு தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தரமில்லாத கண்மையில் ஈயம் இருக்கலாம், ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; கைக்குழந்தைக்குக் கடை மை வேண்டாம். தலைச் சாயத்தையும், 'கறுப்பு மருதாணி' கோனையும் காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

கடையில் பொருளைக் கையில் எடுத்ததும் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும் வேண்டும். 'எம்.எல்.' என்ற எழுத்துகளோடு வரும் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்ற தேதி ஆகியவை வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் இந்திய முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். உட்பொருள் பட்டியலில் 'மெர்குரி', 'கலோமல்', 'மெர்குரிக்' என்ற சொற்களோ, 'எச்ஜி' என்ற ரசாயனக் குறியோ இருந்தால் அது பாதரசம். 'தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளமே. நகைக்கு ஆகாததை முகத்தில் எப்படிப் பூசுவது? 'மூலிகை', 'ஆயுர்வேதம்', 'இயற்கை' என்ற சொற்கள் எதற்கும் உத்தரவாதம் ஆகாது. உரிம எண்தான் கேட்க வேண்டியது.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு அரசு சில்லறைச் செலவுக்குத் தரும் தொகை சிறியது. அதில் சோப்பு வாங்கும்போது 'டாய்லெட் சோப்' என்றிருக்கிறதா, 'பாத்திங் பார்' என்றிருக்கிறதா என்று உறையைப் பாருங்கள். டி.எஃப்.எம். என்று எழுதியிருப்பது சோப்பில் உள்ள கொழுப்புச் சத்தின் அளவு. 76 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் முதல் தரம். 'பாத்திங் பார்' 40 விழுக்காட்டோடும் விற்கலாம். வாசனையும் நடிகை படமும் தரத்தைச் சொல்லாது. முகத்துக்குச் சோப்பும் தண்ணீரும், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் பெரும்பாலோருக்குப் போதும். பரு மிகுந்தவர்கள் முகத்தில் எண்ணெயைத் தவிர்க்கலாம்.

கிரீம் பூசி வந்தவர்களுக்குக் காலையில் முகமோ, மாலையில் காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. என்ன கிரீம், எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், டப்பாவையே எடுத்துப் போகலாம். 'இதற்கு ஏன் ஆசைப்பட்டாய்' என்று வீட்டிலோ மருத்துவமனையிலோ ஏளனம் செய்தால் அடுத்த பெண் வாய் திறக்க மாட்டாள்.

டப்பாவையும் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையை 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ரசீது தராத கடையில் வாங்கினால் இந்தக் கதவுகள் பாதி மூடிவிடும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் வைத்துவிட முடியாது. விவரம் எல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. சிறிய பாக்கெட்டுகளில் உட்பொருள் பட்டியலே போட வேண்டியதில்லை என்று விதி விலக்குத் தருகிறது. சிறிய பாக்கெட்டை வாங்குகிறவர்களோ கையில் காசு குறைந்தவர்கள். ஆகவே மூன்று கோரிக்கைகளை நாம் வைக்கிறோம். பாக்கெட் எவ்வளவு சிறியதானாலும் உட்பொருள் தமிழில் அச்சிடப்பட வேண்டும். மருந்து ஆய்வாளர்கள் நகரத்து மருந்துக் கடைகளோடு நிற்காமல் சந்தைகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் அழகு நிலையங்களிலும் மாதிரி எடுத்து, முடிவை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆண்டுக்கொரு முறையாவது தோல் மருத்துவரை அழைத்து மாணவர்களோடு பேச வைக்க வேண்டும். வரும் கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக வைக்க நம் இளைஞர்கள் முன்வரலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கறுப்பைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரம் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பே 2014ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 1975 முதல் விற்ற பிரபல கிரீம் ஒன்று, 2020ல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. அந்தக் கிரீமில் பாதரசம் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. சொல் மாறியது, கடைக்காரரிடம் 'வெள்ளையாகிற கிரீம் கொடுங்க' என்று கேட்பது மாறவில்லை.

அம்பேத்கர் 1936ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், ஒரே வட்டாரத்தில் வாழும் பிராமணரையும் தீண்டப்படாதோரையும் வெவ்வேறு இனமாகப் பிரிக்க முடியாது, சாதி இன வேறுபாட்டிலிருந்து வந்ததில்லை என்று வாதிட்டார். நம் ஊரிலேயே பார்க்கலாம். ஊர்த்தெருவிலும் கறுப்பானவர்கள் உண்டு, காலனியிலும் சிவப்பானவர்கள் உண்டு. சிவப்பாக இருக்கிறார் என்பதற்காக இரட்டைக் குவளைக் கடையில் யாருக்கும் குவளையை மாற்றித் தந்ததில்லை. தோலை வெளுத்துச் சாதியிலிருந்து தப்பலாம் என்பது, விற்கிறவருக்கு மட்டும் லாபம் தரும் பொய். அந்தப் பொய்க்கு நம் பெண்கள் சிறுநீரகத்தை விலையாகக் கொடுக்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு அலமாரியில் இருக்கும் டியூப், டப்பா, மை, சாயம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை அருகில் உட்கார வைத்து ஒவ்வொன்றின் உறையையும் படிக்கச் சொல்லுங்கள். முகவரியும் உரிம எண்ணும் இல்லாததைத் தனியே கட்டி வையுங்கள். அதை அடுப்பில் எரிக்கவோ கிணற்றடியில் கொட்டவோ வேண்டாம், புகாரோடு ஆய்வாளரிடம் கொடுங்கள். மீதியைப் பூசிக்கொண்டு, பூவும் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகட்டும் நம் பிள்ளைகள். 'பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்று அங்கே யாராவது சொன்னால், 'எப்படித் தெரிய வேண்டும் என்று நினைத்தீர்கள்?' என்று நின்று கேட்கட்டும்.