பாய் விரிக்க ஒரு துண்டு மணல்

தன் அரிசியைத் தானே சுமந்து வருபவன் ஊருக்குப் பாரமா?

பினாங்கின் வடகரைச் சாலையில் மாலை மங்கும் வேளையில் இவ்வினா ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் எழுகிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்தோ, தைப்பிங்கிலிருந்தோ, பாரிட் புந்தாரிலிருந்தோ ஒரு பழைய வேன் பாலத்தைக் கடந்து தீவிற்குள் நுழைகிறது. பின்னிருக்கையில் பிள்ளைகள். அவர்களின் காலடியில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, சட்டி பானை, தண்ணீர்க் கலன், சுருட்டிய பாய், மடித்த கூடாரம். விடுதியில் ஓர் இரவுக்குக் கேட்கும் வாடகை அந்த வீட்டின் ஒரு வாரச் சந்தைச் செலவு. எனவேதான் அவர்கள் வீட்டையே சிறிதாக்கி உடன் கொணர்ந்திருக்கின்றனர். அவர்கள் சோறு கேட்கவில்லை, கட்டில் கேட்கவில்லை. ஓர் இரவு பாய் விரிக்க ஒரு துண்டு மணல் கேட்கின்றனர். அதைத்தான் இத்தீவு தர மறுக்கிறது.

ஜார்ஜ் டவுனை விட்டு வடக்கே செல்லட்டும். தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்து எழுப்பிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. தஞ்சோங் பூங்காவில் கடல் தெரிகிறது. வண்டியை நிறுத்தி இரவைக் கழிக்க இடம் தெரியவில்லை. பத்து பிரிங்கியில் மணல் இருக்கிறது. ஆனால் மணலுக்கும் சாலைக்கும் நடுவே விடுதிகளின் மதில்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. இடையிடையே உள்ள பொதுவழிகள் பகற்பொழுதின் குளிப்பிற்கும் நடைக்கும் உதவும். இருட்டிய பின் கூடாரத்தை விரித்தால் யாரோ ஒருவர் கைவிளக்கோடு வந்து நிற்பார். அவர் காவலராயினும் விடுதிக் காவற்காரராயினும் கூறுவது ஒன்றே: இங்கே கூடாது. எங்கே கூடும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

சட்டம் என்ன கூறுகிறது? 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் கரையோர எல்லையை வகுத்துள்ளது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் உயர்ந்த எல்லைக்கும், இறங்கும் தாழ்ந்த எல்லைக்கும் இடைப்பட்ட நிலமே அச்சட்டத்தின்படி கடலோரம். அது மாநில அரசிற்கு உரியது. அதற்கு மேலேயுள்ள உலர்ந்த மணல் பட்டா பெற்றவரின் கைக்குப் போய்விடலாம். பல இடங்களில் போயும்விட்டது. ஆகப் பொதுவாக எஞ்சியிருப்பது கடல் ஏறி இறங்கும் ஈரமணல். நண்டுக்கு அது போதும். பிள்ளைகுட்டிக்காரனுக்குப் போதாது.

பத்து பிரிங்கி என்றும் இப்படி இருந்ததன்று. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகக் கிழக்கு நோக்கி வந்த நீள்முடி இளைஞர்கள் முதுகுச் சுமையோடு இங்கே வந்து இறங்கினர், கம்பத்து வீடுகளில் சில்லறைக் காசுக்குத் தங்கினர், மணலில் படுத்துறங்கினர். அவர்களை ஊர் முகம் சுளித்துப் பார்த்தது உண்மை. ஆயினும் அந்தக் கரையின் பெயரை உலகத்தார் வாயில் பரவச் செய்தவர்களுள் அவர்களும் அடங்குவர். 1973இல் ராசா சாயாங் விடுதி எழுந்தது; பிறவும் தொடர்ந்தன. விடுதிகள் வந்தது குற்றமன்று. நம்மவர் பலருக்கும் அங்கே வேலை கிடைத்தது. விடுதிக்கு இடம் ஒதுக்கியபோது, விடுதிக்குள் நுழைய இயலாதவனுக்கும் ஒரு மூலை ஒதுக்கவேண்டும் என்று எண்ணத் தவறியதே குற்றம்.

“ஏன், தேசியப் பூங்கா இருக்கிறதே!” என்பர் சிலர். இருக்கிறது. 2003இல் அமைந்த பினாங்கு தேசியப் பூங்காவில் கெராச்சுட் கரையிலும் கம்பி விரிகுடாவிலும் அனுமதி பெற்றுக் கூடாரம் அடிக்கலாம். ஆமைகள் முட்டையிடும் கரை அது. கடல்நீரும் நன்னீரும் ஒன்றோடொன்று கலவாமல் அடுக்காய் நிற்கும் அரிய ஏரியும் அங்கே உண்டு. அழகிற்குக் குறைவில்லை. ஆனால் சாலை தெலுக் பகாங்கில் முடிந்துவிடுகிறது. அதன் பின் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். இன்றேல் படகுக்குக் கூலி தர வேண்டும். முதுகுப்பை இளைஞனுக்கு அது இன்பம். அரிசி மூட்டையையும் கைக்குழந்தையையும் மூட்டு நோகும் பாட்டியையும் ஏற்றி வந்தவன் என்ன செய்வான்? மலைப்பக்கம் வனப்பூங்கா உண்டு. பாலிக் புலாவ் பக்கம் கட்டணம் வாங்கும் தனியார் தோட்டங்களும் உண்டு. வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டே உலை வைக்க உரிமையுள்ள பொதுவிடம் எது என்று கேட்டால் விடை இல்லை.

இத்தகைய பயணிகளால் ஊருக்கு வருவாய் இல்லை என்பது எதிர்ப்போரின் முதல் வாதம். கணக்குத் தெரியாதவர் பேச்சு அது. அந்த வேன் எண்ணெய் நிரப்புகிறது. தெலுக் பகாங் படகுத்துறையில் மீன் வாங்குகிறது. பாலிக் புலாவில் ஜாதிக்காய் வாங்குகிறது. ஒருவேளையாவது நாசி கண்டார் கடைமுன் நிற்கிறது. அந்தக் காசு மீனவன் மடியிலும் சிறுகடைக்காரன் பெட்டியிலும் விழுகிறது. பெரிய கணக்கேட்டில் ஏறாத காசெல்லாம் காசன்று என எண்ணுவோர்க்கு என்ன சொல்வது?

இரண்டாவது வாதம் குப்பை. இதற்கு மறுப்புக் கூற இயலாது, கூறவும் கூடாது. வெள்ளை நுரைப்பெட்டிகளையும் பாதி எரிந்த கரியையும் மணலிலேயே புதைத்துவிட்டு, புதைத்ததால் தூய்மை செய்துவிட்டதாகக் கருதி வண்டியேறும் குடும்பங்கள் உண்டு. நம்மவர் அதில் பின்தங்கியவரல்லர். இவர்களைக் கண்டிக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆயினும் தொட்டியில்லாத, கழிப்பறையில்லாத கரையில் ஒளிந்து தங்குபவன் ஒளிந்தே குப்பையும் போடுவான். நியூசிலாந்து நாட்டார் இச்சிக்கலை வேறு வகையில் அணுகினர். 2011ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊராட்சி நிலங்களில், தடை விதிக்கப்பட்ட இடங்கள் நீங்கலாக, தங்கலாம் என்றனர். 2023இல் அச்சட்டத்தை இறுக்கி, ஊராட்சி நிலத்தில் வண்டியோடு தங்குவோர் பொதுவாகக் கழிப்பிடமும் நீரும் கழிவுக்கலனும் உள்ள தன்னிறைவான வண்டியில்தான் வரவேண்டும் என்றனர். முதலில் உரிமை, பின்னர் ஒழுங்கு. இங்கோ ஒழுங்கின் பெயரால் உரிமையே மறுக்கப்படுகிறது.

மூன்றாவது வாதம் ஆபத்து. இதுதான் எடை மிக்கது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. விடுமுறை நாளில் குளிக்க வந்த குடும்பங்களும் அதில் அடக்கம். 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் சிலாங்கூரின் பத்தாங் காலியில் மண் சரிந்து, கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அவ்விடத்தில் முகாம் நடத்த உரிமம் பெறப்படவில்லை என்ற செய்தி பின்னர்தான் வெளிவந்தது. பணம் கட்டித் தங்கியோர், அது சரிபார்க்கப்பட்ட இடம் என்றே நம்பியிருப்பர். இந்நிகழ்ச்சிகளைக் காட்டி, “ஆகவே எங்கும் தங்காதீர்” என்பது அறிவுடைமையா? தங்கத்தக்க இடத்தை அறிந்தவர் தேர்ந்து காட்டாமையால்தான் அறியாதவர் கண்ட இடத்தில் தங்குகின்றனர்.

நல்ல இடம் எது என்பது மறைபொருளன்று. கரையோர மீனவர்க்கும் பழைய வண்டிக்காரர்க்கும் கைவந்த அறிவு அது. மணலில் சருகும் சிப்பியும் மிதவைக் கட்டையும் கோடாய்ப் படிந்திருக்குமே, அதுதான் கடல் தொட்டுச் சென்ற எல்லை. அதற்கு நன்கு மேலே தங்க வேண்டும். தென்னையின் கீழ் நிழல் இனிது, உறக்கம் ஆகாது. நெற்று விழும் ஓசை கேட்பதற்குள் தலை உடைந்துவிடும். வெட்டிய மலைச்சரிவின் அடியில் ஒருநாளும் தங்கலாகாது. சரிவில் புதிய விரிசலோ கலங்கல் நீர்க் கசிவோ கண்டால் சோறு வேகாவிட்டாலும் புறப்பட்டுவிட வேண்டும். ஓடைப்படுகை பகலில் பாய்போல் விரிந்து கிடக்கும். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் திடீரென இறங்கும். மலாய்க்காரர் அதை ‘கெப்பாலா ஆயர்’ என்பர். மழை மிகும் செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில் இவ்வச்சம் இரட்டிப்பாகும். குரங்குகள் உள்ள இடத்தில் உணவைக் கூடாரத்தினுள் வைத்தல் கூடாது. கூடாரத்தினுள் அடுப்பு எரித்தல் அதனினும் தீது, புகையறியாமலே மூச்சு நின்றுவிடும். இவ்வளவையும் ஒவ்வொரு தகப்பனும் இருட்டில் தானே கண்டறிய வேண்டுமா? ஒரு நில அளவையாளரும் ஒரு மீனவரும் ஒரு முற்பகல் கரையோரம் நடந்தால் நான்கு நல்ல இடங்களைக் குறித்துவிடலாமே!

அரசை மட்டும் குறைகூறி நிறுத்துவது முறையன்று. வழிநடப்பவனுக்கு இடம் தருவதில் தமிழர்க்கு நீண்ட மரபு உண்டு. இராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்தாள் என்பதை மதுரையில் இன்றும் அவள் பெயர் தாங்கும் சத்திரம் நினைவூட்டுகிறது. தஞ்சை மராட்டியர் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் எழுப்பினர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் 1802இல் இரண்டாம் சரபோசி நிறுவியது. செல்வம் இல்லாத ஊரார் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லாவது நட்டனர். அதன் நிழலில் மூன்று கல் கூட்டி உலை வைத்துச் சென்றவனை எவரும் வருவாய்க் கணக்குக் கேட்கவில்லை.

அம்மரபு கடல் கடந்து பினாங்கிற்கும் வந்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் எழுகின்றன; முகமறியாதவனுக்கும் மோரும் சோறும் கிடைக்கின்றன. போற்றத்தக்க செயல்தான். ஆனால் அந்த ஈகை ஆண்டிற்கு மூன்று நாளோடு முடிந்துவிடுகிறதே! மற்ற நாள்களில் எத்தனை ஆலயங்களின் வளாகங்கள் பூட்டிக் கிடக்கின்றன? மண்டபம் திருமண வாடகைக்குத் திறக்கிறது, வழிப்போக்கனுக்குத் திறப்பதில்லை. குழாயும் கழிப்பறையும் விளக்கும் மதிலும் உள்ள இடம் இரவெல்லாம் வெறுமையாய்க் கிடக்க, அம்மதிலுக்கு வெளியே வேனுக்குள் ஒரு குடும்பம் கால் நீட்ட இயலாமல் உறங்குகிறது. காரணம் கேட்டால், “பழக்கமில்லை, களவு போகும், குழுவில் பேச வேண்டும்” என்பர். பந்தலில் எவர் என்று கேளாமல் அன்னமிட்ட கைகளா இவ்வாறு கூறுகின்றன?

இது செய்ய இயலாத காரியமன்று. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்விடங்களில் விளக்கும் நீரும் கழிப்பறையும் உணவுக்கடையும் அமைந்துள்ளன. அங்கே வண்டியை நிறுத்திக் கண்ணயர்பவனை நாடோடி என்று எவரும் விரட்டுவதில்லை. உறங்கிச் செல்வது உயிர்க்கு நல்லது என்று அறிவுறுத்துகின்றனர். நெடுஞ்சாலையில் அறிவாக இருப்பது கடற்கரையில் மட்டும் எப்படிக் குற்றமாகிறது?

வடகரையில் இரண்டு, மேற்கே பாலிக் புலாவ் பக்கம் ஒன்று: உயர்ந்த ஓத எல்லைக்கு மேலே, மலைச்சரிவு நீங்கிய சமநிலம் போதும். இருபது வண்டி நிற்கும் அளவு. ஒரு குழாய், நான்கு கழிப்பறை, மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஆழிப்பேரலை எச்சரிக்கை ஒலித்தால் எவ்வழி மேட்டிற்கு ஓடவேண்டும் என்று நான்கு மொழியிலும் எழுதிய ஒரு பலகை. தங்குவோர் பெயரும் வண்டி எண்ணும் பதிந்துகொள்ளட்டும். தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் தங்கலாகாது என்று விதிக்கட்டும். குப்பை விட்டுச் செல்பவனிடம் தண்டம் வாங்கட்டும். சிறு கட்டணம் கேட்டாலும் அந்த வேனில் வருபவன் மறுக்கமாட்டான். ஆலயக் குழுக்கள் பள்ளி விடுமுறை வாரங்களிலாவது வளாகத்தின் வெளிவாயிலை மாலை ஆறு மணிக்குப் பூட்டாமல் வைக்கட்டும். அடுத்த விடுமுறைக்கும் அந்த வேன் பாலத்தைக் கடந்து வரும். பின்னிருக்கையில் அதே பாயும் அதே அடுப்பும் இருக்கும்.