கைப்பக்குவம் பிறவியில் வருவதில்லை

சமையல் புத்தகத்தைப் பார்த்துக் கற்கிற வித்தை இல்லை, கைமணம் தானாக வரவேண்டும் என்ற பேச்சுக்கு நம் வீடுகளில் இன்னும் செல்வாக்கு உண்டு. கேட்கப் பாராட்டு போல இருக்கும். ஆனால் அம்மாவின் பக்கத்தில் நின்று பழகிய பெண்ணிடமே அடுப்பை நிரந்தரமாக ஒப்படைத்துவிடும் பேச்சு இது. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களை. ‘எனக்குச் சமைக்க வராது’ என்று ஓர் ஆண் சொன்னதும் வீடு அதை ஏற்றுக்கொள்கிறது. அளவும் பக்குவமும் எழுதப்பட்டு அலமாரியில் இருந்தால் அந்தச் சாக்கு செல்லாது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இதற்கு நல்ல சான்று. மெட்ரிக் முறை வருவதற்கு முன்பே, அன்று புழங்கிய ஆழாக்குக் கணக்கில் அவர் எழுதினார். கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போன பெண்களுக்கு, உடன் வராத மாமியார், பாட்டியின் இடத்தை அந்தப் புத்தகம் நிரப்பியது. கல்யாணச் சீரோடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கமும் ஏற்பட்டது. ஐம்பதுகளில் லண்டனுக்கு நாடகம் படிக்கப் போன மதுர் ஜாஃப்ரி, டில்லியிலிருந்து தாயார் தபாலில் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டுதான் சமையல் பழகினார். பின்னால், 1973-இல், அவரே அமெரிக்க வாசகர்களுக்கு இந்தியச் சமையல் நூல் எழுதினார். பக்கத்தில் நின்று பார்க்க வழியில்லாதவருக்கும் எழுத்து போதும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கைப்பக்குவத்தை எழுத முடியாது என்பவர்கள் ஒரு சாம்பாரை எடுத்துப் பார்க்கட்டும். முருங்கைக்காயை நேராகப் புளிக்கரைசலில் போட்டால் வேக வெகுநேரம் பிடிக்கும். புளியின் அமிலம் காயின் பெக்டினை எளிதில் கரையவிடாது. அதனால் காயை முதலில் பாதியாவது வேகவிட்டு, பிறகு புளியை ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்து, கடைசியில் வெந்த பருப்பைச் சேர்ப்பார்கள். பருப்பை முன்பே சேர்த்தால் குழம்பு கெட்டிப்பட்டு அடிப்பிடிக்கும். தாளிப்பிலும் இதே கதைதான். கடுகு வெடித்து அடங்கியபின் வெந்தயம்; முதலிலேயே போட்டால் கடுகு வெடிப்பதற்குள் அது கருகிக் கசந்துவிடும். பாட்டிமார் கைக்குத் தெரிந்த வரிசை இது. காரணத்தோடு எழுதிவைத்தால், படிப்பவர் புளிக்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் தானே வழி கண்டுபிடிப்பார்.

புத்தகம் சில இடங்களில் ஏமாற்றும் என்பது உண்மை. இட்லிமாவு எட்டு மணி நேரத்தில் புளிக்கும் என்று அச்சிட்டால், சென்னைக் கோடையில் அதற்குள் பொங்கி வழியும். ஊட்டிக் குளிரில் அசையாமல் கிடக்கும். நேரத்தை மட்டும் எழுதியவரின் குறை அது. மாவு எவ்வளவு உப்ப வேண்டும், எப்படி மணக்க வேண்டும் என்று எழுதினால் இரண்டு ஊருக்கும் பொருந்தும். காணொளி இருக்கப் புத்தகம் எதற்கு என்பார்கள். எண்ணெயின் சூட்டையும் நிறத்தையும் காட்டுவதில் காணொளிக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கொஞ்சம் உப்பு’ என்று சொல்லிக்கொண்டே கை கடந்துபோய்விடுகிறது. போன வாரம் காரம் கூடிப்போனதைக் குறித்துவைக்க அதில் ஓரம் இல்லை. அளவு கையில் இருந்தால்தான் அடுத்த முறை எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தெரியும். அப்படித் திருத்தித் திருத்திச் செய்வதில்தான் கைப்பக்குவம் வருகிறது.

என்னைச் சங்கடப்படுத்தும் ஆட்சேபம் வேறு. அச்சேறிய சமையல் பெரும்பாலும் படிப்பும் வசதியும் முதலில் வாய்த்த சாதிகளின் சமையல். ‘சமைத்துப் பார்’ கூடத் தமிழ்ப் பிராமண வீட்டுச் சமையல்தான். மராத்வாடா தலித் சமையலை ஷாஹு பாடோளே மராத்தியில் புத்தகமாக்கியது 2015-இல். அதன் ஆங்கில வடிவம் வந்தது 2024-இல். இவ்வளவு தாமதத்துக்குப் புத்தகம் என்ற வடிவத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. யார் சமையலை அச்சிடுவது என்று முடிவு செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்கள் இனியாவது கருவாட்டுக் குழம்புக்கும், ஆட்டுக் குடல் கறிக்கும், கம்பங்கூழுக்கும் சாம்பாருக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுக்கட்டும். கருவாட்டை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, குடலை எத்தனை தண்ணீரில் கழுவுவது, கூழைப் புளிக்கவிட எந்தப் பாத்திரம் என்பதையெல்லாம் அன்றாடம் சமைப்பவர்களிடமே கேட்டு, அவர்கள் பெயரிலேயே அச்சிட வேண்டும்.