காற்று வரட்டும், கொரோனா போகட்டும்!

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்குப் பஞ்சம் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் ரோட்டில் சைக்கிள் ஓட்ட முடியாது, ஆளைத் தள்ளிவிடும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன.

இவ்வளவு காற்று வீசும் நாஞ்சில் நாட்டில், ஒரு கலியாண மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். எல்லா ஜன்னலும் அடைப்பு!

ஏன்?

உள்ளே "ஏ.சி." ஓடுகிறதாம்!

ஐந்நூறு பேர் விட்ட மூச்சை ஐந்நூறு பேரும் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். மறுவாரம் பாதிப் பேருக்குத் தடிமன், இருமல். "பந்தியில் வைத்த ஐஸ்கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஐஸ்கிரீம் மீது பழியைப் போடுகிறார்கள்.

கொரோனா வந்தபோது நமக்கு என்னென்னவோ சொன்னார்கள். கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினோம். அது நல்ல பழக்கம், விடவேண்டாம். பால் பாக்கெட்டைக் கழுவினோம். ரூபாய் நோட்டை வெயிலில் காயப்போட்டோம். 2020 ஏப்ரலில் சில ஊர்களில் சுரங்கம் போலக் கூடாரம் போட்டு, போகிறவர் வருகிறவர் மீதெல்லாம் மருந்து தெளித்தார்கள். அதே மாதத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறையே "அது வேண்டாம்" என்று நிறுத்தச் சொல்லிவிட்டது. அந்த மருந்து தரைக்கு உரியது. மனிதன் தோலுக்கு உரியது அல்ல.

இத்தனை செய்தும் வியாதி பரவியது. எப்படி?

53 பேர்!

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்று ஒரு வட்டாரம். 2020-ம் ஆண்டு மார்ச்சு 10-ந் தேதி மாலையில் 61 பேர் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி நடந்தது. அவர்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஜலதோஷம் போல இருந்தது. அவ்வளவுதான்.

சில நாட்களில் 53 பேர் படுத்துவிட்டார்கள். 2 பேர் இறந்துபோனார்கள்.

அவர் மற்றவர்கள் எல்லோரையும் தொட்டாரா? இல்லை. பாடினார்! பாடும்போது வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஈரத்துளிகள் காற்றில் கலந்தன. அடைத்த மண்டபத்தில் அவை வெளியே போக வழி இல்லை.

சீனாவில் குவாங்சோ நகரத்தில் இன்னொரு சம்பவம். அது 2020 ஜனவரி 24-ந் தேதி, அவர்களுடைய புத்தாண்டுக்கு முதல் நாள். ஜன்னல் இல்லாத ஓட்டல் அறையில் 3 குடும்பங்கள் தனித்தனி மேஜைகளில் சாப்பிட்டன. ஒரு குடும்பம் ஊகானில் இருந்து வந்தது. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், பேசிக்கொள்ளவும் இல்லை. "ஏ.சி." எந்திரம் ஒரு மேஜைக் காற்றை அடுத்த மேஜைக்குக் கொண்டுபோனது. 3 குடும்பங்களிலும் சேர்ந்து 10 பேருக்கு வியாதி கண்டது.

இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. வேனில் முன் சீட்டில் ஒருவர் பீடி பற்றவைக்கிறார். பின் சீட்டில் இருக்கும் உங்கள் மூக்கில் ஏறுகிறது அல்லவா? அவர் மூச்சும் அப்படித்தான் வந்து சேருகிறது. பீடிக்கு நாற்றம் உண்டு, மூச்சுக்கு இல்லை. அதனால் நமக்குத் தெரியவில்லை. அதே பீடியை அவர் படிப்புரையில் உட்கார்ந்து குடித்தால், புகை தெருவோடு போய்விடும்.

கொரோனாவைப் பற்றி இதுதான் முக்கியமான சேதி. அடைத்த அறை, நிறைய ஆட்கள், நீண்ட நேரம், உரத்த பேச்சு. இந்த நான்கும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். காற்று ஓடினால் அதற்குத் திண்டாட்டம்.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாதது அல்ல. காச நோய்க்கு நல்ல மருந்து இல்லாத காலத்தில், டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ல் தாம்பரத்தில் ஆஸ்பத்திரி தொடங்கினார். திறந்த வெளியும் நல்ல காற்றும் நோயாளிக்குத் தேவை என்று வற்புறுத்தியவர் அவர்.

காய்ச்சலுக்கு முன்பே!

இந்தக் கிருமியிடம் இன்னொரு சூது இருக்கிறது. காய்ச்சல் வருவதற்கு 2 நாள் முன்னதாகவே அது பரவத் தொடங்கிவிடும். ஆள் நன்றாக இருப்பார். சாயாக் கடையில் சிரித்துப் பேசுவார். தமக்குள் கிருமி இருப்பது அவருக்கே தெரியாது. ஆகையால், "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்ற பேச்சு செல்லாது.

பணம் இருந்தால் தப்பலாமா? அதுவும் இல்லை. கன்னியாகுமரித் தொகுதியின் பார்லிமெண்டு மெம்பர் எச்.வசந்தகுமார், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து பெரிய வியாபாரியாக உயர்ந்தவர். கொரோனா கண்டு சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 2020 ஆகஸ்டு 28-ந் தேதி காலமானார். வயது 70.

வயதுதான் இதில் பெரிய கணக்கு. வாலிபனுக்கு 3 நாள் காய்ச்சலோடு போவது, அவன் பாட்டிக்கு எமனாகிவிடுகிறது. சர்க்கரை வியாதி, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அபாயம் அதிகம். பேரன் வாங்கி வருகிறான். பாட்டி விலை கொடுக்கிறாள்!

மறைத்தால் பரவும்

2020-ல் கிருமியைவிட வேகமாகப் பரவியது பயம். சென்னையில் சைமன் ஹெர்குலிஸ் என்ற டாக்டர் கொரோனாவில் இறந்தார். அவர் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அப்படித் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அந்த ஏப்ரலிலேயே சர்க்கார் அவசரச் சட்டம் போட நேர்ந்தது. நாம் வெட்கப்பட வேண்டிய சட்டம் அது!

அதே வருஷம் ஜூலை 1-ந் தேதி, ஈரானில் தவித்த 687 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு "ஜலஷ்வா" என்ற கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. அதில் பலர் மீன்பிடி வேலைக்குப் போன நம் கடற்கரைக்காரர்கள். மாதக் கணக்கில் சம்பளம் இல்லாமல், சரியான சாப்பாடு இல்லாமல் இருந்தவர்கள். பிழைக்கப் போன இடத்திலிருந்து திரும்பி வருகிறவனைச் சொந்த ஊரே ஒதுக்கினால், அடுத்தவன் என்ன செய்வான்? காய்ச்சலை மறைப்பான். மாத்திரை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவான். மறைத்த காய்ச்சல் தெருவையே பிடிக்கும்.

அம்மை கண்ட காலத்தில் நம் ஊரில் யாரும் மறைக்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். பார்த்தவர்கள் உள்ளே வரமாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், தனி இடம். தலைக்குத் தண்ணீர் விடும் வரை வெளியே போக்கு இல்லை. அந்த வீட்டை யாரும் பழிக்கவும் இல்லை. முத்தாரம்மன் பெயரால் ஊர் தானாக ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அது. ஆனால் வேப்பிலை மட்டும் அம்மையை ஒழிக்கவில்லை. ஒழித்தது ஊசி. இந்த மண் திருவிதாங்கூரில் இருந்தபோது, ராணி கவுரி லட்சுமிபாய் காலத்தில், 1813-லேயே அம்மை குத்த ஆரம்பித்தார்கள். 1980-ல் உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று அறிவித்தார்கள்.

கொரோனா அப்படி ஒழிந்துவிடவில்லை. 2023 மே 5-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் "அவசர நிலை முடிந்தது" என்று சொன்னது. "வியாதி முடிந்தது" என்று சொல்லவில்லை. ஊசி போட்டவருக்கும் வரலாம். ஆனால் உயிருக்கு ஆபத்து வெகுவாகக் குறையும். வயதானவர்களுக்கு இன்னும் ஒரு ஊசி வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துட்டி வீட்டில் என்ன செய்வது?

நம் ஜில்லாவில் கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள். துட்டி கேட்கப் போகாவிட்டால் சொக்காரர் மூன்று தலைமுறைக்குப் பேசமாட்டார்கள்! அதனாலேயே காய்ச்சலோடு போய், கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருகிறோம். அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு சாவு. இன்னொன்றுக்கு நாம் காரணமாக வேண்டுமா?

இதற்குப் பெரியவர்கள்தான் வழி செய்ய வேண்டும். "உடம்புக்கு முடியவில்லை, பத்து நாள் கழித்து வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களை அறைக்குள் அடைக்காமல் முற்றத்தில் பந்தல் போட்டு உட்கார வையுங்கள். மண்டபக்காரர்களே, ஜன்னலைத் திறங்கள்! வாடகை குறையாது. பள்ளிக்கூடத்திலும் பஸ்சிலும் மழைக்கு மூடிய ஜன்னலை மழை விட்டதும் திறக்க வேண்டும். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், இருமல் கண்டால், ஜன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள். மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால் அறைக் காற்று வெளியே போகும். கவனிக்கிறவரும் நோயாளியும் மூக்கையும் வாயையும் மூடும்படி முகக்கவசம் போட வேண்டும். மூக்கை வெளியே விட்டுத் தாடைக்குப் போட்டால் தாடைக்குத்தான் பாதுகாப்பு! பாட்டியையும் தாத்தாவையும் அந்த அறைப் பக்கம் விடாதீர்கள்.

2021 மே மாதத்தில் ஆஸ்பத்திரிகள் பிராணவாயு இல்லாமல் திணறின. அப்போது நம் பக்கத்து மகேந்திரகிரியில், ராக்கெட்டுக்காக வைத்திருந்த திரவப் பிராணவாயுவை லாரியில் ஏற்றித் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் அனுப்பினார்கள். அந்த நிலைமைக்குப் போகுமுன்பே நோயாளியை டாக்டரிடம் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. மூச்சு முட்டுவது தெரியாமலே உடம்பில் பிராணவாயு குறைவது இந்த வியாதியின் குணம். அதனால்தான் விரலில் மாட்டும் சிறு கருவியால் பார்க்கச் சொல்கிறார்கள். எண் 94-க்குக் கீழே போனால் காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோங்கள். விரலில் நகச்சாயம் இருந்தால் கருவி தவறாகக் காட்டும், அழித்துவிட்டுப் பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிஷம் கழித்து எண்ணைப் படியுங்கள்.