தடிமன் குளிசைக்குக் கையொப்பம், ரவைக்கு வெறும் ரசீது

எங்கட பெடியள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற துவக்கு வீடியோக்களில் ஒரு வகை இருக்கு. சண்டை இல்லை, இரத்தம் இல்லை. தாடி வைத்த ஒரு அமெரிக்க மாமா, கராஜுக்குள்ள ஒரு மேசை, மேசையில் பூட்டின ஒரு கைநெம்பு இயந்திரம். வெடித்து முடிந்த பித்தளைக் கோதுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, திரும்பவும் ரவையாக்குகிறார். இதுக்குப் பேர் ரீலோடிங். பார்க்க நல்லாத்தான் இருக்கும், பத்தர் நகை செய்கிற மாதிரி அவ்வளவு நிதானம். அனுப்புகிறவன் கீழே ஒரு வரி போடுவான்: "மச்சான், இதுதான்டா சுதந்திரம்."

அந்த மாமாவோட எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கடைசிச் சொல்லோடதான் சண்டை.

அமெரிக்காவில் துவக்கைப் பற்றிக் கதைக்காத ஆளில்லை. எந்தத் துவக்கு விக்கலாம், ஆர் வாங்கலாம், எத்தனை வயசு எண்டு ஐம்பது வருசத்துக்கு மேலா அடிபடுகினம். ரவையைப் பற்றிக் கதைக்கிறவை குறைவு. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. துவக்கை எண்ணெய் போட்டுத் துடைச்சு வைச்சா நூறு வருசமும் இருக்கும், பேரனுக்கும் உதவும். ரவை ஒருக்கா வெடிச்சா முடிஞ்சுது, திரும்பக் கடைக்குத்தான் போகவேணும். நியூயோர்க் செனட்டர் டானியல் பட்ரிக் மொய்னிஹான் 1990களில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். நாட்டில் இருக்கிற துவக்குகள் இரண்டு நூற்றாண்டுக்குக் காணும், ரவைகளோ நாலு வருசத்துக்குத்தான் வரும், ஆகவே ரவையைப் பிடியுங்கோ என்பது அவருடைய வாதம். உடம்புக்குள்ள போய் விரிகிற சிலவகைச் சன்னங்களுக்கு 10,000 சதவீத வரி போடச் சொன்னார். ஆரும் கேக்கேல்லை. 1999இல் நகைச்சுவையாளர் கிறிஸ் ரொக் ஒரு சன்னம் 5,000 டொலர் விக்கவேணும் எண்டு மேடையில் சொன்னபோது சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. செனட்டர் சொன்னாக் கேக்கமாட்டினம், பகிடிக்காரன் சொன்னாச் சிரிப்பினம். இரண்டுக்கும் பிறகு கடை வழமைபோலத் திறந்திருக்கும்.

கடை எப்பவும் இப்பிடித் திறந்து கிடக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ரொபர்ட் கென்னடி என்று வரிசையாகச் சுட்டுக் கொன்ற பிறகு 1968இல் வந்த துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ரவைக்கும் இடம் இருந்தது. விற்கிறவனுக்கு அனுமதிப்பத்திரம் வேணும், வாங்கினவன் ஆர் எண்டு பதிவு வேணும், தபாலில் அனுப்பேலாது. 1986இல் துவக்கு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து இந்த மூன்றையும் எடுத்துவிட்டார்கள். தானாய் விழவில்லை, பிடுங்கினது. அன்றிலிருந்து, சில மாநிலங்களைத் தவிர, ரவை விற்கிறவனுக்கு வாங்குகிறவனின் பின்னணியைப் பார்க்கிற கடமை இல்லை. குற்றத்தீர்ப்பு பெற்ற ஆள் ரவை வைத்திருப்பது குற்றம் எண்டு சட்டம் சொல்லுது. ஆனா அவன் காசாளருக்கு முன்னால வந்து நிக்கேக்க ஆர் எண்டு கேக்கச் சொல்லேல்லை.

இப்ப தடிமனுக்கு வருவம். அதே அமெரிக்காவில் மூக்கடைப்புக்குப் போடுகிற சூடோஎபெட்ரின் குளிசையை மருந்துக்கடையில் நீங்களாக எடுக்க ஏலாது. 2006இல் கையொப்பமான சட்டப்படி அது தட்டியில் இருக்காது, உள்ளுக்கு இருக்கும். படம் உள்ள அடையாள அட்டை காட்டி, பதிவுப் புத்தகத்தில் பேர், விலாசம் எழுதி, கையொப்பம் வைக்க வேணும். ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல தரமாட்டினம். ஏனெண்டா அந்தக் குளிசையில் இருந்து ஐஸ் காய்ச்சலாம். சரியான சட்டம்தான், நான் குறை சொல்லேல்லை. ஆயிரம் ரவைப் பெட்டியை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போறவனிட்ட, எந்தக் கையொப்பமும் வாங்கத் தேவையில்லை எண்டு நினைக்கிற நாடும் அதுதான். ஒரு மூக்குக்குக் கொடுக்கிற சந்தேகத்தை ஒரு துவக்குக்குக் கொடுக்கமாட்டினமாம்.

2024இல் வந்த செய்தி இன்னும் விசேஷம். அலபாமா, ஒக்லஹோமா, ரெக்சாஸ் மாநிலங்களில் பலசரக்குக் கடைகளுக்குள் ரவை விற்கிற தானியங்கி இயந்திரம் வைத்தார்கள். பால், முட்டை, பாண், ரவை. உலகமே சிரிச்சது. ஆனா அந்த இயந்திரம் அடையாள அட்டையை ஸ்கான் பண்ணி, முகத்தையும் பொருத்திப் பார்த்து, 21 வயசுக்குக் குறைஞ்சா விக்காது. இதில சிரிக்கிறதுக்கு இருக்கிறது அந்த இயந்திரம் இல்லை. நாட்டின்ர சட்டத்தை விட ஒரு தகரப்பெட்டி கண்டிப்பா இருக்கிறதுதான்.

கடையைத் திருத்த ஏலாது எண்டு சொல்லுறவைக்கு இரண்டு கதை. 1999 கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் 12 மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் கொன்றவர்கள் சுட்ட ரவைகளில் கேமார்ட் கடையில் வாங்கியவையும் இருந்தன. 2001இல் உயிர் தப்பின இரண்டு பெடியள், அந்தச் சன்னங்கள் இன்னும் உடம்புக்குள்ள இருக்க, இயக்குநர் மைக்கல் மூரோடு மிச்சிகனில் இருந்த கேமார்ட் தலைமையகத்துக்குப் போய் நின்றார்கள். கைத்துப்பாக்கி ரவை விற்பதை 90 நாளுக்குள் நிறுத்துவதாகக் கடை அறிவித்தது. மற்றது வோல்மார்ட். 2019 ஓகஸ்ட் 3 அன்று ரெக்சாஸின் எல் பாசோவில் அவர்களுடைய கடைக்குள்ளேயே ஒருத்தன் சுட்டு 23 பேர் செத்தார்கள். அடுத்த மாதம் கைத்துப்பாக்கி ரவையையும், 5.56 மாதிரி இராணுவ வகைத் துவக்குகளுக்குப் போடக்கூடிய ரவைகளையும் விற்பதில்லை எண்டு முடிவெடுத்தார்கள். நாட்டு ரவைச் சந்தையில் தங்கட பங்கு சுமார் 20 சதவீதத்தில் இருந்து 6 முதல் 9 சதவீதத்துக்கு விழும் எண்டு அவையே கணக்குச் சொன்னார்கள். சட்டம் செய்யாததை ஒரு வியாபாரி செய்தான். வியாபாரியின்ர மனச்சாட்சி எத்தனை நாளைக்கு எண்டது வேற கேள்வி. நாளைக்கு வேற முதலாளி வந்தா மாத்தலாம், அதுக்குத்தான் சட்டம் வேணும் எண்டுறது.

இந்த இடத்தில்தான் கராஜ் மாமாவைக் கொண்டுவந்து முன்னால நிப்பாட்டுவினம். "கடையில கட்டுப்படுத்தினா வீட்டில செய்வாங்கள், பிறகென்ன செய்வாய்?" கேட்டவுடன வாய் அடைக்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனா ரவை எண்டது நாலு சாமான்: பித்தளைக் கோது, சன்னம், வெடிமருந்து, கோதின்ர அடியில் அடிபட்டுப் பொறி தருகிற பிரைமர். கோதைத் திரும்பப் பாவிக்கலாம். ஈயத்தை உருக்கிச் சன்னம் வார்க்கிறவையும் இருக்கினம். வெடிமருந்தும் பிரைமரும் தொழிற்சாலையில் இருந்துதான் வரும், அதாவது அதே கடைக்குத்தான் போகவேணும். பிரைமர் செய்கிற பெரிய அமெரிக்கப் பெயர்கள் நாலு: சிசிஐ, பெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். இதில முதல் மூன்றும் 2024 முடிவில் இருந்து ஒரு செக் நாட்டு நிறுவனத்தின் கையில். அமெரிக்கச் சுதந்திரத்தின்ர பிரைமர் செக் முதலாளியினுடையது, இருக்கட்டும்.

கொரோனா காலத்தில் இது பச்சையாத் தெரிஞ்சது. 2020க்குப் பிறகு ரவையும் பிரைமரும் தட்டுப்பாடு. இயந்திரம், கோது, புத்தகம் எல்லாம் வைத்திருந்த ரீலோடிங்காரர் பிரைமர் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். வீட்டில செய்து தள்ளலாம் எண்ட கதை எங்க போனது? அதோட இன்னொண்டு. அந்த நாட்களில் ஒரு ஆளுக்கு இத்தனை பெட்டிதான் எண்டு கடைகளே மட்டையில் எழுதி ஒட்டின. ஆரும் அரசியலமைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடேல்லை. சரக்குக் குறைஞ்சா அளவு வைக்கலாம், பிணம் கூடினா அளவு வைக்கக்கூடாது.

தன்ர பாவனைக்கு ரீலோடிங் செய்ய அனுமதி தேவையில்லை, விற்கத்தான் தேவை. 2017 லாஸ் வேகாஸ் சூட்டில் 60 பேர் செத்தார்கள். கொலைகாரன்ர ஹோட்டல் அறையில் கிடந்த, சுடாத ரவைகள் சிலதில் அரிசோனாக்காரர் ஒருவரின் கைரேகை இருந்தது. அனுமதி இல்லாமல் கவசம் துளைக்கிற ரவை செய்து விற்றதற்கு அவருக்கு 13 மாதச் சிறை. அவர் விதிவிலக்கு என்பார்கள், ஒத்துக்கொள்ளுறன். பெரும்பாலான ரீலோடிங்காரர் நிறைகூட எழுதி வைக்கிற ஆக்கள். கொல்லப் போறவனுக்கு அந்தப் பொறுமை இல்லை, அவன் வாங்குகிறவன். அதுக்குத்தான் கடையில் ஒரு கேள்வி வேணும் எண்டுறது.

கலிபோர்னியா அதைச் செய்து பார்த்தது. 2019 ஜூலை முதல் ஒவ்வொரு ரவைக் கொள்வனவுக்கும் பின்னணிச் சோதனை. ஆரம்பத்தில் பதிவுகள் பொருந்தாமல் தகுதியான கனபேருக்கும் மறுத்துவிட்டார்கள். நிசமான குறை. திருத்தவேண்டிய குறை. ஒலிம்பிக் சுடுதல் வீராங்கனை கிம் ரோட் வழக்குப் போட்டார். 2025 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் சோதனை அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். பதிவுப் புத்தகத்தில் பிழை இருந்தா புத்தகத்தைத் திருத்துறதா, புத்தகத்தையே எரிக்கிறதா?

"உனக்கென்னடி அமெரிக்காவைப் பற்றி" எண்டு கேக்கலாம். வீடியோ அனுப்புற பெடியன் அடுத்ததாச் சொல்லுறது எனக்குத் தெரியும்: எங்கட சனத்திட்ட ஆளுக்கொரு துவக்கு இருந்திருந்தா... இந்த வசனத்தை முடிக்க வேண்டாம். வன்னியில் வளர்ந்த எங்களுக்குப் பித்தளைக் கோதைப் பற்றி யூடியூப் சொல்லித் தரத் தேவையில்லை. யுத்தம் முடிஞ்ச பிறகு பழைய இரும்பு பொறுக்கினவை அதைக் கிலோக் கணக்கில் நிறுத்து வித்தவை. வெடிக்காமல் கிடந்ததைத் தட்டிப்பார்த்துக் கையை இழந்தவையும் இருக்கினம். ரவை குறைவா இருந்ததால தோத்த ஊர் இல்லை இது. பயிருக்குத் துவக்கு வைத்திருக்கிற கமக்காரன் இங்க வருசாவருசம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அலையவேணும், அதே ஊரில் இராணுவ முகாமுக்கு ஒரு கணக்கும் இல்லை எண்டதும் எனக்குத் தெரியும். எங்கட அரசாங்கத்துக்கு நான் நற்சான்றிதழ் எழுத வரேல்லை. ஆனா கடையில் கேள்வி இல்லாமல் விக்கிறதைச் சுதந்திரம் எண்டு சொன்னா, அதுக்கான காசை ஆர் கட்டுகினம் எண்டும் பார்க்கவேணும்.

ஆர் கட்டுகினம் எண்டதுக்குக் கொலராடோவில் ஒரு வழக்கே இருக்கு. 2012 ஜூலையில் ஒரோரா நகரத் தியேட்டரில் 12 பேரைக் கொன்றவன் 6,000க்கு மேற்பட்ட ரவைகளை இணையத்தில் சட்டப்படி வாங்கியிருந்தான். ஆரும் அவனை நேரில் பார்க்கேல்லை, ஒரு கேள்வி கேக்கேல்லை. செத்த ஒரு பெண்ணின்ர தாயும் வளர்ப்புத் தகப்பனும் வித்த நிறுவனங்களுக்கு எதிரா வழக்குப் போட்டார்கள். நட்டஈடு கேக்கேல்லை. இனி விக்கேக்க வாங்குறவன் ஆரெண்டு பார்த்து வில்லுங்கோ எண்டுதான் கேட்டவை. ஆயுத வியாபாரிகளை வழக்குகளில் இருந்து காப்பாற்றும் சட்டங்கள் இருந்ததால் நீதிமன்றம் 2015இல் வழக்கைத் தள்ளியது. பிறகு வித்த நிறுவனங்களின்ர சட்டத்தரணிச் செலவு, 2 இலட்சம் டொலருக்கு மேல, அந்தப் பிள்ளையின்ர தாயும் வளர்ப்புத் தகப்பனும்தான் கட்டவேணும் எண்டும் உத்தரவு போட்டது.